பெரட்டுத் தட்டின் நெளிசல்

ஈப்போவில், அருங்காட்சியகத்துப் பொருள்களைப் பழுதுபார்க்கும் கூடத்தில், வேலை செய்யும் பையன் அந்தப் பித்தளைத் தட்டை எனக்கு அடித்துக் காட்டினான். கணீரென்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், எங்கள் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கங்காணி இதைத்தான் அடிப்பான். தம்பிக்குக் காய்ச்சல் கொதித்த அன்று அம்மா போகவில்லை. கங்காணி எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கே வந்து அடித்தான்.

"காய்ச்சல் புள்ளைக்குத்தானே? ஒனக்கு என்னடி? பெரட்டுக்கு வா!"

அம்மா மண்வெட்டியை ஓங்கினாள். அவன் தட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். விழுந்த அடியில் தட்டு குழிந்தது. அப்புறம் அவன் அடித்து அது கரகரத்தபோதெல்லாம் லயத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"நடுவுல பெரிய நெளிசல் பாட்டி. தட்டி எடுத்துட்டோம்லா!" என்றான் பையன்.

"அந்தக் கங்காணி இருந்தா உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவான்லா," என்றேன்.