பதிகம் முடியும்வரை நின்ற காற்று

1. பூசை நாள்

எண்பதுகளின் பிற்பகுதி. ஓசூரில் மூக்கண்டப்பள்ளியை அடுத்த ஒரு சிறிய ஆலையில் நான் ஷிப்ட் இன்சார்ஜ். ஃபெர்மென்டர் என்னும் மூடிய தொட்டியில் அரிசிக் கஞ்சி ஊற்றி, ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அது சுரக்கும் சிவப்பைப் பட்டு நூலுக்குச் சாயமாக எடுப்பது எங்கள் முயற்சி. வெறும் கஞ்சியை உண்டு ஓர் உயிர் குங்குமச் சிவப்பைத் தரும் என்று கேட்ட நாள்முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை! கண்ணுக்கு எட்டாத அணுவுக்குள் இத்தனை வண்ணத்தை வைத்த இறைவனை நினைத்து நினைத்து வியந்தேன்.

அந்தப் பூஞ்சையைத் தேர்ந்தெடுத்தவர் சாஹிதா, கிருஷ்ணகிரிக்காரர், எங்கள் மைக்ரோபயாலஜிஸ்ட். முதல் இரண்டு பேட்சும் பாக்டீரியா புகுந்து கெட்டுப்போயின. "மூணாவதும் ஆறாம் நாளுக்குள்ள சிவக்கலைன்னா செக்ஷனை மூடிடுவேன்மா. நீயும் வேற எடம் பாத்துக்க" என்று ஜி.எம். கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த மூன்றாம் பேட்சின் நான்காம் நாள் ஆயுத பூசை. எல்லா இயந்திரங்களையும் நிறுத்திச் சந்தனமிட்டாயிற்று. தொட்டிக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் இயந்திரத்துக்குப் பூசை செய்வது முறையன்று என்று எனக்குப் பட்டது.

"மாதப்பா, பத்து நிமிஷம் நிறுத்துப்பா" என்றேன்.

கம்ப்ரசர் ஆபரேட்டர் மாதப்பா சிரித்தார். "ஓதுவாரே, நீங்க பாட ஏறுனா பத்து நிமிஷத்துல எறங்குற ஆளா?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சை அணைத்தார்.

தேவாரப் பதிகம் ஒன்றை எடுத்தால் இறுதிப் பாடல்வரை பாடியாக வேண்டும் என்பது என் நியமம். பண்ணோடு பாடினேன். பதினொரு பாடலும் முடிந்து தீபாராதனை காட்டியபோது முப்பத்தைந்து நிமிடம் கடந்திருந்தது.

2. "உள்ள இருக்கறது உசுரு சார்!"

சாஹிதா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏரை நிறுத்துனது யாரு சார்?"

"நான்தாம்மா. பூசைக்காக..."

"உள்ள இருக்கறது மூச்சு விடுற உசுரு சார்! பிரஷர் எறங்குறதைப் பாத்து எக்ஸாஸ்ட் வால்வை மூடிட்டு ஓடியாரேன். மூடலைன்னா வெளிக்காத்து உள்ள பூந்திருக்கும்."

கஞ்சியில் கரைந்த ஆக்ஸிஜனைக் காட்டும் டி.ஓ. மீட்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது. மாதப்பா கம்ப்ரசரை ஓடவிட்டார். "பாட்டு கேட்டுப் பூஞ்சை தூங்கிடுச்சோ என்னமோ" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சாஹிதா சாம்பிள் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பாக்டீரியா புகவில்லை. ஆயினும் வளர்ச்சி தளர்ந்துவிட்டது.

தொட்டியின் அன்றாட நிலவரத்தைக் குறித்துவைக்கும் பேட்ச் ஷீட்டை எடுத்தேன். "எழுதாம உட்ருங்க சாமி. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் மாதப்பா. எழுதாவிட்டால் குறை சாஹிதாவின் பூஞ்சைமீது விழும். "10.20 முதல் 10.55 வரை காற்று நிறுத்தம். காரணம்: பூசை. உத்தரவு: என்னுடையது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

3. ஏழாம் நாள்

ஆறாம் நாள் ஜி.எம். வந்து தொட்டியின் கண்ணாடித் துளை வழியே பார்த்தார்.

"இது காவியில்லம்மா? செவப்பு எங்க? சாக்கடையில டிரெய்ன் பண்ணிடுங்க."

சாஹிதா பேட்ச் ஷீட்டை நீட்டினார். படித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்யா, கச்சேரி பண்ண உனக்கு என் கம்ப்ரசர்தான் கெடச்சுதா?"

"தவறு என்னுடையதுதான் சார்."

அவர் விரல் ஷீட்டில் வரைந்திருந்த வளர்ச்சிக் கோட்டின்மீது மெல்ல நகர்ந்தது. "காத்து நிக்கிற வரைக்கும் நல்லாத்தான் ஏறியிருக்கு. சரி, இன்னும் ஒரு நாள்."

ஏழாம் நாள் காலை கண்ணாடித் துளையில் முகம் வைத்தேன். செக்கச் செவேல்! அந்திவானத்தை அள்ளிக் கரைத்தாற்போல அத்தனையும் சிவப்பு! சாஹிதா வடிகட்டிய சாற்றில் வெள்ளைப் பட்டு நூற்கண்டை முக்கிச் சூடேற்றினார். தண்ணீரில் மும்முறை அலசினார். அலசிய நீர் தெளிந்தது. நூலில் நிறம் நின்றது.

"புடிச்சிருச்சு சார்! புடிச்சிருச்சு!"

மாதப்பா கன்னடத்தில் ஏதோ கூவிக்கொண்டு துள்ளினார். நானும் வயதை மறந்து துள்ளினேன்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. சாஹிதாவுக்கு நான்காம் பேட்சுக்கான உத்தரவு வந்தது. இரண்டும் நியாயமே.

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு ஒன்று சொல்வேன். பிழை உங்களுடையதானால் நேரம் குறித்து, பெயரிட்டு, அன்றே எழுதிவிடுங்கள். அந்த முப்பத்தைந்து நிமிடத்தை நான் எழுதாமல் விட்டிருந்தால், அந்தச் சிவப்பு ஆறாம் நாளே சாக்கடைக்குப் போயிருக்கும். சாஹிதா தம் பூஞ்சையைத்தான் குறை சொல்லிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்.