வேகன்சி வந்துச்சாம்மா?

எங்கள் அலுவலகத்தில் சாவு என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டோம். வேகன்சி என்போம். முதியோர் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோனால் அங்கன்வாடிப் பணியாளர் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருவார். "மேடம், எங்க ஏரியாவுல ஒரு வேகன்சி" என்பார். நான் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடிப்பேன். பிறகு டீ வரும், குடிப்போம். இதில் கொடுமை ஏதும் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்று பட்ஜெட்டில் ஓர் எண் இருக்கும். அந்த எண் ஏரியாவாரியாகப் பிரிந்து எங்களிடம் வரும். மனுக்கள் அதைவிட எப்போதும் கூடுதல். வரிசையில் நிற்பவர் உள்ளே வர வேண்டுமானால் அதே ஏரியாவில் உள்ளே இருப்பவர் போயாக வேண்டும். எண்ணைக் கூட்டச் சொல்லி நாங்கள் கோப்பு அனுப்புவோம். மேலிடத்திலிருந்து அது ஒரு கேள்வியோடு திரும்பி வரும். பதில் எழுதி அனுப்பினால் இன்னொரு கேள்வியோடு வரும். நான் ஓய்வு பெறும்வரை பார்த்த வேலையில் பாதி இதுதான். நல்ல கையெழுத்து, கெட்ட வாய் என்று ஆபீஸில் எனக்குப் பெயர். இரண்டுமே உண்மை.

அப்படி வரிசையில் நின்றவர்களில் ஒரு பாய், பெரிய மார்க்கெட் வாசலில் பல வருஷம் ரெடிமேட் துணி விற்றவர். முழங்கால் போன பிறகு வியாபாரத்தை விட்டுவிட்டார். மனைவிக்குச் சர்க்கரை. ஒரே மகள், உழவர்கரையில் கட்டிக் கொடுத்திருந்தார். மாதம் பிறந்தால் மருந்துச் செலவுக்கு மருமகன் முன்னால் போய் நிற்க வேண்டும். மருமகன் இல்லையென்று சொல்கிறவர் இல்லை. கொடுத்துவிட்டு ஒரு வாரம் மகளிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

"என்னால எம் பொண்ணு பேச்சு வாங்கறாம்மா. எனக்குன்னு இந்தத் தொகை வந்துட்டா அந்த வாசப்படி பக்கமே போக வேணாம்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மாதம் ஒருமுறை வருவார். சலாம் வைப்பார். "வேகன்சி வந்துச்சாம்மா?" என்பார். "இன்னும் வரலை பாய்" என்பேன். போய்விடுவார். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. மற்றவர்கள் கத்துவார்கள், சபிப்பார்கள், கவுன்சிலர் பெயரைச் சொல்லி மிரட்டுவார்கள். இவர் அப்படியில்லை என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் இருந்தது. பிரியம் இருந்ததே தவிர, வேகன்சி இல்லை.

தணிக்கைக்காரர்கள் வந்து எங்கள் அலமாரிகளைக் கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு நாளில் அவர் வந்தார். வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். அன்றைக்கு மட்டும் அவர் உடனே போகவில்லை.

"எங்க தெரு சொல்தா வூட்டுக்கெல்லாம் மாசம் பொறந்தா டான்னு வந்துடுது. நமக்கு மட்டும் வேகன்சி வர மாட்டேங்குதே. எங்கேருந்தும்மா வரணும், டெல்லியிலேருந்தா?"

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைத்தான் எங்கள் ஊரில் சொல்தா என்பது. அவர்களுக்கான பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. வரிசையும் இல்லை, எண்ணும் இல்லை. இதையெல்லாம் விளக்க அன்று எனக்குப் பொறுமை இல்லை.

"டெல்லியிலேருந்து எப்படி பாய் வரும்? உங்க ஏரியாவுல பணம் வாங்கறவங்க யாராவது செத்தாத்தான் வேகன்சி. அதுவரைக்கும் நீங்க எத்தினி தடவை வந்தாலும் இதான் பதில்."

அவர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"செத்தாத்தானா?"

"ஆமா."

"நான் சரக்கு மாதிரின்னு நெனச்சிட்டேன். மேலேருந்து லோடு வரும், வந்தா பிரிச்சிக் குடுப்பீங்கன்னு." முழங்காலைத் தடவிக்கொண்டார். "மூணு வருஷமா தொழுதுட்டு துவா கேக்கறேம்மா. யா அல்லா, எங்க ஏரியாவுக்குச் சீக்கிரமா ஒரு வேகன்சியைக் குடுன்னு. இதே வார்த்தையைச் சொல்லித்தான் கேக்கறேன்."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பாயின் முகத்தைப் பார்த்தேன், வந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"எங்க ஏரியாவுல வாங்கற அத்தினி பேரையும் எனக்குத் தெரியும்மா. தெனம் பாக்கறவங்க. எம் பேரை அடிச்சிடுங்க. எனக்கு வேணாம்."

பெயரை எடுக்க ஒரு வெள்ளைத்தாளும் கையெழுத்தும் போதும். நான் அதைச் சொல்லவில்லை. "அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு பாய். தீர்ந்துபோச்சு. அடுத்த மாசம் வாங்க" என்றேன். அப்படி ஒரு ஃபாரம் உலகத்திலேயே கிடையாது.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேலா, என்மேலா, அந்த எண்ணின்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எண்ணிக்கையைக் கூட்டக் கேட்கும் கோப்பு மறுபடி என் மேஜைக்கு வந்தபோது, குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: 'தற்போதைய முறையில், ஒரு முதியவர் பிழைக்க அவருக்குத் தெரிந்த இன்னொரு முதியவர் இறக்க வேண்டியுள்ளது.' மேலதிகாரி அதை அடித்துவிட்டு ஓரத்தில் 'நடை கவனிக்கவும்' என்று எழுதி அனுப்பினார். வரி இல்லாமல் கோப்பு போயிற்று, கேள்வியோடு திரும்பி வந்தது. வெகுநாள் கழித்து எண்ணைக் கூட்டத்தான் செய்தார்கள். ஆனால் நான் சொல்லவரும் சமயத்தில் கூட்டவில்லை.

நாலு மாதம் கழித்து அந்த ஏரியாவில் ஒரு பெயர் காலியானது. தெருமுனையில் பூக்கட்டி விற்ற ஓர் அம்மாள். வரிசையில் அடுத்த பெயர் பாயுடையது. ஆணை தயாரானதும், மனுவில் இருந்த மகளின் நம்பருக்கு நானே போன் செய்தேன். இரண்டு நாள் கழித்து வந்தார். இளைத்திருந்தார். மனைவிக்குக் காலில் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். மருமகன் இப்போது போனை எடுப்பதில்லை என்றும் சொன்னார்.

கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டினேன். பேனாவைத் திறந்தவர் தாளில் வைக்கவில்லை.

"யாரு எடம்மா இது?"

"யாரு எடமும் இல்ல பாய். புதுசு. இந்த வருஷம் எண்ணிக்கையைக் கூட்டிட்டாங்க."

"எங்க தெரு மொனையில பூக்காரம்மா ஒண்ணு போன மாசம் தவறிடுச்சு. நான் யாவாரம் பண்ணப்ப எனக்குப் பக்கத்துலதான் கடை போட்டிருக்கும், மார்க்கெட்டுல. அதுவும் இந்தப் பணம் வாங்கிட்டு இருந்துச்சு."

"அது வேற லிஸ்ட். அதுக்கு வேற ஆளு."

கண் சிமிட்டாமல் சொன்னேன். கோப்புகளில் எத்தனையோ உண்மைகளை எழுதியிருக்கிறேன், இந்தப் பொய்யைச் சொன்ன தெளிவோடு எதையும் எழுதியதில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, மூன்று இடத்திலும் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்து முடிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது ஆணையின் காப்பி. கேட்காமல் போனவரை நான் கண்டதில்லை. இவரோ கரண்ட் பில்லைக்கூடப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கும் மனிதர். யார் இறந்த காலியிடத்தில் இந்தத் தொகை வழங்கப்படுகிறது என்பது அந்தக் காப்பியில் இரண்டாவது வரியிலேயே பெயரோடு இருக்கும். அதற்கும் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன், ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் என்று.

பாய் பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார். "வரேம்மா" என்று எழுந்தார். காப்பி கேட்கவில்லை.