மலர் ரீச்சரும் என் மகளின் ஊசியும்

மலர் ரீச்சர் இரவே காலமாகிவிட்டார், பின்னேரம் அடக்கம் என்று போன் வந்தபோது, நானும் மகள் கவியும் மாங்கேணிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். அன்று கவிக்கு ஊசி போடும் நாள். அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் நீ, செத்தவீட்டுக்கு ஏன் வரவில்லை என்று இப்போதும் கேட்கிறீர்கள். அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கவிக்கு அடிக்கடி தொண்டை நோகும். பாணி மருந்து கொடுப்போம், காய்ச்சல் விடும், மிச்சப் போத்தல் அலுமாரியில் ஏறிவிடும். ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஒருநாள் இடைவேளையில் ரீச்சர் அவளைப் பிடித்து நிறுத்தி, போன் வெளிச்சத்தில் தொண்டையைப் பார்த்தார். முழங்காலைத் தொட்டதும் பிள்ளை முனகினாள். ரீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சல் விட்டா வருத்தமும் விட்டுட்டெண்டு ஆரு புள்ள உனக்குச் சொன்ன? நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

எல்லோர் முன்னாலும் ஏசியதில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் போனேன். தொண்டைக் கிருமியால் மூட்டு வீங்கியிருக்கிறது, விட்டால் இதயத்தையும் கெடுக்கும், மாதா மாதம் ஊசி போடவேண்டும், அதுவும் வருடக் கணக்கில் என்றார் டொக்டர்.

அந்த ஊசி பொல்லாத நோவு. பிள்ளை கத்துகிற கத்தலைக் கேட்டு என் கணவர், "நல்லாத்தானே ஓடித் திரியிறா, போதும் விடு" என்றார். ரீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். சேலையைக் கழுத்தடியில் சற்று விலக்கி, நெஞ்சில் இறங்கும் இதய ஒப்பரேசன் தழும்பின் நுனியைக் காட்டினார்.

"தம்பி, எனக்கும் சின்னனில தொண்டை நோவுதான். சண்டை நேரம், பாதை பூட்டு. ஊசி போட ஆரும் இல்ல. உங்களுக்கு வாசல்ல பஸ் நிக்கிது."

அடுத்த முறை கவியைத் தூக்கிக்கொண்டு போனது என் கணவர்தான்.

அந்த இதயம்தான் இப்போது நின்றுவிட்டது. ஊசிக்கு மறுநாள் போயிருக்கலாமே என்கிறீர்கள். கிளினிக் அன்றைக்கு மட்டும்தான், முடித்துத் திரும்ப இருட்டிவிடும். தவறினால் அடுத்த மாதம் வரை பிள்ளைக்குக் காவல் இல்லை. ரீச்சரின் முகத்தை ஒருக்கால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். ஓட்டமாவடிப் பாலம் தாண்டும்வரை அழுதேன்.

"ரீச்சருக்கு வந்ததுதானேம்மா எனக்கும்?" என்று கவி கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம்" என்றேன்.

"அப்ப நானும்..."

"அப்பிடி வராம இருக்கத்தானே மகள் ஊசிக்குப் போறம்."

ரீச்சர் எனக்கென்று விட்டுப்போனது ஒரு பயம். கவி செருமினாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடவைக்கும் பயம். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் அதைப் போக்கப் பார்க்கிறார்கள். அவள் வளர்ந்து பெரியவளாகும்வரை நான் அதை விடமாட்டேன்.