மதகுக்காரர் புள்ள

எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தை தெருவில் தனியாக நடந்தால் போதும். எதிரே வருகிற பெரியவர் யாராக இருந்தாலும் நிறுத்தி, "யார் வூட்டுப் புள்ள நீ?" என்று கேட்டுவிடுவார். மற்ற பிள்ளைகள் நெளிவார்கள். நான் அந்தக் கேள்விக்காகவே தெருவில் நடப்பவள். "மதகுக்காரர் புள்ள" என்று மூக்கை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன்.

சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரியின் மதகைத் திறந்து மூடுவதும், வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுவதும் என் நைனாவின் வேலை. எங்களுக்கு உள்ளங்கை அளவு நிலம் கிடையாது. ஆனால் அவருடைய மண்வெட்டி படாமல் ஊரில் ஒரு வயலும் நனையாது. அந்தத் திமிர் எனக்குத் தாராளமாக இருந்தது.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அம்மா வேதத்தில் சேர்ந்தாள். கிறிஸ்தவர் ஆவதை எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். நைனா சேரவில்லை. வருஷாவருஷம் மதகு திறக்கும் முன்பு ஏரிக்கரை அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றுவது அவர்தான். "கற்பூரம் கொளுத்துன கையோட உங்க கோயில்ல வந்து நின்னா ரெண்டு பக்கமும் பேஜாரு. நான் வெளியவே கீறேன்" என்பார். ஞாயிறுதோறும் எங்களை உள்ளே அனுப்பிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு ஞானஸ்நானம் என்று முடிவானது. உத்திரமேரூரிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற பாதிரியார் எங்களை ஒரு கேள்வி கேட்பார் என்று, ஞாயிறு வகுப்பு எடுக்கும் டீச்சரம்மா சொன்னார். "நீ யாருடைய பிள்ளை?" என்பது கேள்வி. "நான் தேவனுடைய பிள்ளை" என்று கோயில் அதிரச் சொல்ல வேண்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப எங்க நைனா?" என்றேன்.

டீச்சரம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. "இனிமே பரலோகத்துல கீறவருதான் உனக்கு அப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லைத் தேடினார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பயம் தெரியாத நைனா, "தேவன் புள்ளயாமே நீ? இனிமே கஞ்சிய அங்கயே போய்க் குடிச்சிக்கோ" என்று கிண்டல் செய்து, தானே சிரித்துக்கொண்டார். நான் தட்டில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அத்தனை பேர் முன்னால் நான் அப்படிச் சொல்வதை அவர் காதால் கேட்கக் கூடாது என்று பட்டது.

"ஞாயித்துக்கிழமை நீ வராத நைனா" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "ஏம்மா, என் சட்ட அழுக்கா கீதா?" என்றார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன். மறுநாள் அவரே உட்கார்ந்து ஒரு வெள்ளைச் சட்டையைத் துவைத்து, செம்பில் நெருப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேதனை இன்னும் கூடிவிட்டது.

ஞாயிறும் வந்தது. அந்த வெள்ளைச் சட்டையோடு புங்கமரத்தடியில் வழக்கம்போல் நின்றார். எனக்கு முன்னால் நான்கு பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டுப் போனார்கள். பாதிரியார் என்னைப் பார்த்து, "நீ யாருடைய பிள்ளை?" என்றார். ஜன்னலில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்டார். அம்மா முதுகில் கிள்ளினாள். மூன்றாம் தடவை கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை.

"நைனா!" என்று கத்திவிட்டேன்.

வெளியே சைக்கிள் தடாலென்று விழுந்தது. நைனா செருப்போடு உள்ளே ஓடி வந்தார். பாதி வழியில் செருப்பு ஞாபகம் வந்து, திரும்பி ஓடி வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஓடி வந்தார். "இன்னாம்மா? இங்கதான் கீறேன். யாரு இன்னா சொன்னாங்க?"

"நான் யாரு புள்ளன்னு கேக்கறாரு நைனா. தேவனுடைய பிள்ளைன்னு சொல்லணுமாம். சொன்னா நான் உனக்கு இல்லாம பூடுவேன்."

நைனாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சட்டை நுனியால் என் மூக்கைத் துடைத்தார். தேய்த்த சட்டை போயிற்று. "தாராளமா சொல்லும்மா. அவருக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்ல" என்றார். ஆனாலும் அவருக்கே கொஞ்சம் பயம் வந்திருக்க வேண்டும். பாதிரியார் பக்கம் திரும்பி, "சொல்லிட்டா என் புள்ள இல்லன்னு ஆயிடுமா ஐயரே?" என்று கேட்டார்.

"ஆகாதுப்பா. அவர் உன்னையும்தான் பிள்ளைன்னு கூப்பிடறார்."

"என்னையா? இந்த வயசுலயா?"

கோயிலே சிரித்தது. டீச்சரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில், "நான் தேவனுடைய பிள்ளை!" என்று கத்தினேன். அதோடு விட மனமில்லாமல், "மதகுக்காரர் புள்ள!" என்றும் சேர்த்துக்கொண்டேன். பாதிரியார் அதையும் ஒத்துக்கொண்டு தலையில் தண்ணீர் ஊற்றினார்.

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளியபடி நைனா குறைபட்டார். "இம்மாத்தூண்டு தண்ணியா ஊத்துவாங்க? நானா இருந்தா மதகையே தொறந்து உட்டிருப்பேன்."

அன்று சாயங்காலம் அம்மா என்னைத் தனியாக ஜெபம் பண்ணச் சொன்னாள். பிதாவே என்று ஆரம்பிக்க வேண்டுமாம். எனக்கு அந்த வார்த்தை வாயில் நுழையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "நைனா" என்று ஆரம்பித்தேன்.

"இன்னாம்மா?" என்று கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் குரல் கொடுத்தார்.

"உன்ன இல்ல" என்றேன்.

அதன்பிறகு தினமும் இதே கூத்துதான். நைனா கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை, கற்பூரத்தையும் விடவில்லை. ஆனால் நான் ஜெபத்தில் கூப்பிட்ட ஒரு நாளும் அவர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு "உன்ன இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைத் தொடர்வேன்.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. இன்றும் நான் "நைனா" என்றுதான் ஜெபத்தை ஆரம்பிக்கிறேன். ஆரம்பித்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு நொடி நிறுத்துகிறேன். "உன்ன இல்ல" என்று மட்டும் இப்போது சொல்வதில்லை.