நீர்நாய்க்கு ஒரு சாட்சிக் கையெழுத்து

அக்கா வீட்டுக்காரருக்கு ஆற்றங்கரையில் வாழைத்தோட்டம். காட்டுப்பன்றிக்கென்று அவர் கட்டியிருந்த சுருக்குக் கம்பியில் அன்று காலை ஒரு நீர்நாய் செத்துக் கிடந்தது. என்னைக் கூப்பிட்டனுப்பினார். மூக்கு முதல் வால்நுனி வரை அளந்தேன், ஐந்து சாண். காம்புகள் பால் கட்டிப் பெருத்திருந்தன.

"அத்தான், குட்டி இருக்கு. வனத்துறைக்குச் சொல்லிருவோம்."

"ஏலே, கிறுக்கா ஒனக்கு? ஜெயிலுல்லா! பன்னிக்குக் கம்பி வச்சதே கேசு. தாலுகா ஆபீஸ்ல இருக்க, ஒனக்குத் தெரியாதாக்கும்?"

தெரியும். வன உயிரினச் சட்டத்தைப் பற்றிய சுற்றறிக்கையைக் கிராமம் கிராமமாக அனுப்பியதே நான்தான். கொன்றால் என்ன தண்டனை என்று அதில் இருந்தது. தவறிச் செத்துவிட்டால் குட்டிகளுக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை.

அக்கா அழுதாள். "மக கல்யாணத்துக்கு இருவது நாள்தான் தம்பி இருக்கு. மாப்பிள வீட்டுக்காரவோ என்ன நெனைப்பாவோ? பைய மூடிருங்க."

தோட்டத்திலேயே குழி வெட்டி மூடினோம். தெருநாய் தோண்டாமலிருக்கக் கல்லுப்பு போட்டு, யாரும் கேட்டால் சொல்ல, மேலே ஒரு வாழைக்கன்றும் ஊன்றினார் அத்தான்.

மறுநாள் குளிக்கப் போனபோது, கரை மருதமரத்தின் வேரடிப் பொந்திலிருந்து இரண்டு கீச்சுக்குரல்கள் கேட்டன. கெண்டை மீன் வாங்கிப் பொந்து வாயில் போட்டேன். அடுத்த நாள் மீன் அப்படியே இருந்தது. குரல் ஒன்றாகக் குறைந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் வனத்துறைக்குப் போன் செய்து, இடத்தை மட்டும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

மத்தியானம் வனக்காவலர் வந்தார். நானும் அத்தானும் கரையில் நின்றோம். அவர் பொந்துக்குள் கைவிட்டு இரண்டு குட்டிகளை எடுத்தார். இரண்டும் விறைத்திருந்தன.

"யாருவே மீனப் போட்டது? கண்ணே தொறக்கல, இது மீனத் திங்குமா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "முந்தாநாளே சொல்லிருந்தா பால் குடுத்துப் பொழைக்க வச்சிருக்கலாம் அண்ணாச்சி. தாய் எங்கன போச்சுன்னு தெரியுமா?"

அத்தான் ஆற்றைப் பார்த்தார். நான் தெரியாது என்றேன்.

காவலர் மடியில் தாளை வைத்து எழுதினார்: குட்டிகள் இரண்டு, இறந்தவை. தாய் காணப்படவில்லை. எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டி, சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்.

கையெழுத்துப் போட்டேன். தேதி இல்லையே என்று அவரிடம் சொல்லி, தேதியும் நேரமும் நானே எழுதிக் கொடுத்தேன்.