பனிப்பாறைக்குப் பக்கத்துத் தண்ணீர்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான். ஒருநாள் மதியம் ஒரு பெண், டேப் சுற்றிய பெட்டியோடு வந்தாள். அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்து ஃப்ரீசர் பழுதாம். மறுநாள் வரை மீனை உறைய வைக்கும் எங்கள் குளிர் அறையில் வைக்க வேண்டுமாம்.

"உள்ள என்னம்மா?"

"அண்டார்டிகா கடல் தண்ணிண்ணே."

தண்ணீரையா இப்படிப் பொத்திப் பொத்தித் தூக்கிக்கொண்டு அலைவார்கள்? போதைப்பொருளோ என்னவோ.

"தொறந்து காட்டுனாத்தான் வைப்பேன்."

அவள் தயங்கித் திறந்தாள். விரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்து, மூடியைத் திருகி முகர்ந்தேன். வெறும் உப்பு வாடை. அதற்குள், உறைந்திருந்த தண்ணீர் என் கைச்சூட்டில் உருகிவிட்டது.

"மெதந்து போற பனிப்பாறைக்குப் பக்கத்துல எடுத்ததுண்ணே. பாறை உருக உருக, சுத்தியிருக்கிற தண்ணியில சில பாக்டீரியா பெருகும், சிலது கொறஞ்சிடும். அதைப் பாக்கத்தான் கொண்டாந்தேன்."

"திரும்ப உறைய வெச்சுட்டாப் போச்சு" என்றேன். எங்கள் தொழிலில் அவ்வளவுதான்.

"தண்ணி உறைஞ்சிடும்ணே. உள்ள இருந்தது பழையபடி இருக்காது."

கோபப்படாமல், மிச்சக் குழாய்கள் இருந்த பெட்டியை என்னிடமே நீட்டினாள். வாங்கும்போது கை கூசியது.

இன்றும் எந்தப் பெட்டி வந்தாலும் சந்தேகப்படுகிறேன். ஆனால் அதைத் திறக்கப் போகும் என் கையைத்தான் முதலில்.