துரை சொன்ன ஆலோசனை

1. முதல் நாள்

ஜில்லா ஆபீசில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாகச் சேர்ந்த அன்றே, தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி எனக்கு ஜொகூர் அரசியலைச் சொல்லி முடித்துவிட்டார்.

"இங்க ராஜா சுல்தான்தான். வெள்ளக்காரத் துரை சும்மா ஆலோசனை சொல்றவரு. ஆனா சொன்னா சுல்தான் கேட்டே ஆகணும்னு ஒப்பந்தம்."

"கேட்டே ஆகணும்னா அது உத்தரவுதானே?"

"அலமாக்! அந்த வார்த்தைய இந்த ஆபீசுல சொல்லாத, லா."

உத்தரவு என்ற சொல்லை உச்சரிக்காமலே ஒரு நாட்டை ஆள்வது சாதாரண சாமர்த்தியமா? நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

2. மாட்டுக்காரி

துரை பங்களாப் பக்கம் சாணி நாற்றம் அடித்தது. ஊரில் மலேரியாவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம், நாற்றம் அவசரம். பால் விற்கும் ராக்கம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். புருஷனை இழந்தவள். அந்த மாடுகளை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

ஒரு நாற்காலியில் துரை, பக்கத்து நாற்காலியில் மலாய் அதிகாரி டத்தோ. துரை ஆங்கிலத்தில் சொன்னதை நான் ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன்.

"மாடுகளை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லி துரை உனக்கு ஆலோசனை சொல்றாரு."

ராக்கம்மா நிஜமாகவே யோசித்தாள். "நல்ல ஆலோசனதாங்க. ஆனா அங்க ராத்திரி புலி வருது. வேணாம்னு சொல்லிடுங்க. அக்கறையா சொன்னதுக்கு ரொம்ப சந்தோசம்னும் சொல்லுங்க."

அதையும் பிசகாமல் சொன்னேன். துரை முகம் சிவந்து, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஆலோசனதானே? உத்தரவு இல்லீங்களே?" என்றாள்.

அதையும் மொழிபெயர்த்தேன். துரை வாயைத் திறந்தார், மூடினார். 'உத்தரவு' என்றால் ஒப்பந்தத்தின் மானம் போய்விடும். டத்தோதான் மலாயில் உதவிக்கு வந்தார்.

"உத்தரவு போடுறது என் வேலை. துவான், நீங்க எனக்கு ஆலோசனை சொன்னா உடனே போட்டுடுறேன்."

"சொல்கிறேன்," என்றார் துரை, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பேசோக்," என்றார் டத்தோ. நாளைக்கு.

அந்த நாளைக்கு வரவேயில்லை. டத்தோ வீட்டுக் காப்பிக்கும் ராக்கம்மாவின் பால்தான் என்பது தற்செயல். மாடுகள் கன்று போட்டு இன்னும் கொஞ்சம் சாணி போட்டன.

3. மாற்றல்

கொஞ்ச நாளில் துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காட்டுக்குள் இருக்கும் லாயாங் லாயாங் பக்கம் காற்று நல்ல காற்று, மாற்றல் கேட்டு எழுதினால் என் உடம்புக்கு நல்லது என்று ஆலோசனை சொன்னார். எழுதினேன். டத்தோ இந்தத் தடவை 'பேசோக்' சொல்லவில்லை, அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடு பெட்டி கட்டினேன்.

ராக்கம்மா ஸ்டேசனுக்கே ஒரு போத்தல் பால் கொண்டுவந்தாள்.

"எதுக்குங்கய்யா போறீங்க?"

"துரை ஆலோசனை சொல்லிட்டாரு, ராக்கம்மா."

"ஆலோசனதானே? வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே!"

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். 'வேணாம்' என்ற அந்த ஒரு வார்த்தையை எனக்கு ஆங்கிலத்திலும் சொல்லத் தெரியும், மலாயிலும் சொல்லத் தெரியும். அவளுக்காகச் சொன்னேன். எனக்காகச் சொல்ல வாய் வரவில்லை. ரயில் வந்தது, ஏறிக்கொண்டேன்.